கல்லுக்கடியில் இருந்த ஓலை

சாம்பல் சூடாக இருந்தது.

கோயில்பிள்ளை விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தார். கொதிக்கிற சூடில்லை. யாரோ இவ்வளவு நேரமும் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து, இப்போதுதான் கிண்ணத்தில் விட்டதுபோல ஒரு வெதுவெதுப்பு. ஓலையை எரித்தது நேற்றுச் சாயங்காலம். இன்று காலை, சாயங்காலப் பூசைக்கென்று எடுத்துவைத்தபோது ஜில்லென்றுதான் இருந்தது. தேவாலயப் பீடத்துக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்ன அறையில், மெழுகும் பழைய மரமும் ஈரத் துணியும் கலந்த வழக்கமான வாசனைக்கு நடுவே, அவர் கொஞ்சநேரம் கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றார். ஜன்னல் வழியாக வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தார். அந்த ஜன்னலில் வெயில் என்றைக்கும் பட்டதில்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு மனிதன் எத்தனை விஷயத்துக்குத்தான் மண்டையை உடைத்துக்கொள்வான்?

அவருக்கு அலுப்பாக இருந்தது. இன்றைக்கு வந்த அலுப்பில்லை. மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து சேர்ந்துகொண்டே வந்த அலுப்பு. ஆபரேஷன் ஆகிவிட்டது. எலும்பு கூடும்வரை தானாகப் புரளக்கூடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புரள வேண்டுமென்று அவளே நினைத்தாலும் முடியாது. அவளைத் துடைத்துவிட்டு, உடுப்பு மாற்றி, ஊட்டிவிட்டு, மாத்திரை கொடுத்து, துணி துவைத்து, இதற்கு நடுவே கோயிலைக் கூட்டி, மணியடித்து, மெழுகுவர்த்தி மாற்றி, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிழும் நிலைக்கு வந்திருந்தார். தவக்காலத்தின் முதல் நாள் என்பதால் இன்றைக்கு ஒருசந்தி வேறு. காலையிலிருந்து வயிற்றில் ஒரு டீயைத் தவிர ஒன்றுமில்லை. குனிந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

அந்த அலுப்பில்தான் நேற்று அந்தக் காரியத்தைச் செய்தார்.

குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுக்கிற ஓலையை ஒவ்வொரு வீட்டிலும் சுவர்ச் சிலுவைக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். அடுத்த வருஷம் தவக்காலம் தொடங்குமுன் அந்தக் காய்ந்த ஓலையைக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதை எரித்த சாம்பல்தான் சாம்பல் புதனன்று எல்லோர் நெற்றியிலும் ஏறும். முன்பெல்லாம் வாசலில் வைக்கிற கூடை நிரம்பி வழியும். இப்போது யார் அதையெல்லாம் ஞாபகம் வைத்துக் கொண்டுவருகிறார்கள்? இந்த வருஷம் கூடையில் கொஞ்சம் ஓலையும், ஒரு குடை உறையும், யாரோ தின்றுவிட்டுப் போட்ட பிஸ்கட் காகிதமும்தான் கிடந்தன. கோயில்பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூடச் சாம்பல் புதனுக்கு மட்டும் தவறாமல் வந்து நெற்றியை நீட்டுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு இந்த ஓலை எந்த மூலைக்கு?

"டவுன்ல கடையில பாக்கெட் சாம்பல் விக்கிறாங்களாம், போய் வாங்கிட்டு வந்துடுங்களேன்," என்றார் பங்குச்சாமியார்.

"சரி சாமி," என்றார் கோயில்பிள்ளை. ஆனால் போகவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வர இடுப்பில் தெம்பில்லை. அவளுக்கு மாத்திரை நேரமும் தவறிவிடும். கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் இருந்தது. குருத்து ஞாயிறன்று சிலர் தங்கள் வீட்டுக் கல்லறையிலும் ஒரு ஓலையை வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு வருஷ மழையிலும் வெயிலிலும் நைந்து, சாம்பலாகக் காத்துக்கொண்டிருந்தவை. அதுவும் மந்திரித்த ஓலைதானே, செத்தவர்கள் சண்டைக்கா வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மங்கின வெளிச்சத்தில் வரிசை வரிசையாக நடந்து, பெயரைக்கூடப் பார்க்காமல் பொறுக்கினார். கடைசி வரிசையில் சிலுவைகூட இல்லாத ஒரு மண்மேட்டில், ஒரு ஓலை பெரிய கல்லுக்கடியில் மாட்டியிருந்தது. ஒரு ஓலை பறக்காமலிருக்க இவ்வளவு பெரிய கல்லா என்று சலித்துக்கொண்டே கல்லைக் காலால் புரட்டித் தள்ளிவிட்டு அதையும் உருவினார். கல்லின் ஒரு பக்கம் பச்சைப் பெயிண்ட் சிந்தியிருந்ததைக் கண் பார்த்தது. மனம் பார்க்கவில்லை.

"அண்ணே."

பின்னறை வாசலில் பக்கத்து வீட்டு டீச்சர் நின்றாள். சாயங்காலங்களில் அவர் மனைவிக்குத் துணையாக உட்கார்ந்திருப்பவள் இவள்தான்.

"அக்கா தூங்கறாங்க. கதவை நல்லாச் சாத்திட்டுத்தான் வந்திருக்கேன். பூசை முடிஞ்சதும் நீங்க போயிடுவீங்கல்ல?"

"நேரா வீட்டுக்குத்தான்மா."

"சாம்பல் கொண்டுவர மறந்துடாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க. எழுந்து வர முடியலையேன்னு ஒரே புலம்பல்."

அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். காகிதத்தில் ஒரு சிட்டிகை மடித்து வைத்திருந்தார். பைக்குள் அதுவும் வெதுவெதுப்பாக நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்தது.

மனைவியை நினைத்தால் அவருக்கு இப்போதும் மனசு இளகும். அவளுக்கு அவர் இரண்டாவது புருஷன். முதல் ஆள் லாரி ஓட்டினவன். அடி, குடி, வாயைத் திறந்தால் சந்தேகம். ஒருநாள் குடித்துவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் கோயில்பிள்ளைதான். அதற்கப்புறம் வெகுகாலம் கழித்து அவளைக் கட்டிக்கொண்டபோது, அவள் கட்டிலில் சுவரோடு ஒட்டி, மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காமல் படுப்பாள். "என்னைக் கட்டிக்கிட்டியா, சுவரைக் கட்டிக்கிட்டியா?" என்று கேலி செய்வார். அவள் சிரிக்கமாட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை விட்டு நகர்ந்து, கட்டிலின் நடுவுக்கு வந்து, கடைசியில் குறட்டைவிட்டு, போர்வை முழுவதையும் இழுத்துக்கொள்கிறவளாக ஆனாள். வாழ்க்கையில் என்ன சாதித்தீர் என்று யாராவது கேட்டால் அவர் அதைத்தான் சொல்வார்.

ஆனாலும் குருத்து ஞாயிறன்று அவள் ஒரு ஓலையோடு தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. ஊரார் அதைப் பக்தி என்றார்கள். அவர் ஒருமுறை கேட்டேவிட்டார். "அந்த ஆளுக்குப் போய் ஓலை வைக்கிறியே, என்ன மரியாதை வேண்டியிருக்கு?"

"மரியாதைக்கு இல்லீங்க," என்றாள் அவள். "எந்திரிக்காம அங்கேயே கிடக்கட்டும்னு."

அவர் சிரித்தார். அன்றும் அவள் சிரிக்கவில்லை.

மணியடித்தார். பூசை தொடங்கியது. ஊதா அங்கியில் சாமியார் பீடத்துக்கு வந்தார். அல்லேலூயா இல்லை, பூக்கள் இல்லை, ஆர்மோனியம்கூடத் தாழ்ந்த குரலில் இழுத்தது. கூட்டம் வழக்கம்போல வாசல்வரை நின்றது. பிரசங்கம் முடிந்ததும் சாமியார் சாம்பலை இரண்டு கிண்ணமாகப் பிரித்து, ஒன்றை அவரிடம் நீட்டினார். "கூட்டம் ஜாஸ்தி. நீங்க இந்தப் பக்கம் கொடுங்க."

சாம்பல் பூசுகிறவன் முகங்களைப் பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் இல்லை. நெற்றி, நெற்றி, அடுத்த நெற்றி. பவுடர் பூசின நெற்றி, ஹெல்மெட் தடம் பதிந்த நெற்றி, அம்மா தோளிலிருந்து எட்டிப் பார்க்கிற சின்ன நெற்றி, சாம்பல் ஒட்டாமல் வழுக்குகிற எண்ணெய் நெற்றி. கட்டைவிரல் தானாகவே கிண்ணத்துக்குப் போகும், சிலுவை போடும், திரும்பும். வாய் தானாகவே சொல்லும். "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்பதை நினைவில் கொள்." அவர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். வீட்டில் அவள் விழித்திருப்பாளா, தண்ணீருக்குத் தவிப்பாளா என்று மனம் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நெற்றி குளிர்ந்திருந்தது.

விரல் பட்டதும் சுரீரென்றது. மழைக்காலத்துச் சிமெண்ட் தரையைத் தொட்டதுபோல ஒரு குளிர், ஒரு பிசுபிசுப்பு. காய்ச்சல் விட்ட உடம்பாக இருக்கும். "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்பதை நினைவில் கொள்."

"தெரியும்," என்றது ஒரு குரல்.

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்த ஆள் திரும்பிவிட்டார். பழைய மோஸ்தர் கோட்டு அணிந்த ஒரு முதுகு மட்டும் பக்கவாசலை நோக்கிப் போயிற்று. எந்த இளவட்டத்தின் குசும்போ என்று நினைத்துக்கொண்டார். அதற்குள் அடுத்த நெற்றி வந்துவிட்டது. அதுவும் குளிர்ந்திருந்தது.

"தெரியும்." இந்த முறை ஒரு கிழவியின் குரல்.

இந்த நெற்றிகளில் சாம்பல் உதிரவில்லை. ஈரத்தில் மை ஊறுவதுபோல உள்ளே இறங்கிக்கொண்டது. வாடை வந்தது. வெகுநாள் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருகிற துணி வாடை, அதற்கடியில் ஈர மண், அதற்கும் அடியில் அவர் பெயர் சொல்ல விரும்பாத இன்னொன்று. கிண்ணம் கையில் சுட ஆரம்பித்தது. ஒருசந்தி மயக்கம் என்று சொல்லிக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார். எதிரே, புருவத்துக்கு மேல் காசு அளவில் மச்சம் உள்ள ஒரு நெற்றி காத்துக்கொண்டிருந்தது. அந்த மச்சத்தை அவருக்குத் தெரியும். முன்பு இதே கோயிலில் ஆர்மோனியம் வாசித்த அம்மாளுடையது. அந்த அம்மாளுக்குத் துக்கமணி அடித்தவரே அவர்தான்.

ஆனாலும் விரல் சிலுவை போட்டது. தலையைத் தாழ்த்தி நிற்கிறவரை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்குப் பழக்கமில்லை.

"தெரியும் தம்பி," என்றாள் அந்த அம்மாள், ஆறுதல் சொல்வதுபோல. அவளும் பக்கவாசல் வழியாகப் போனாள். பக்கவாசல் கல்லறைத் தோட்டத்தில் போய் முடிகிறது.

சாமியாரின் வரிசை முடிந்துவிட்டது. அவர் கை கழுவிவிட்டு, பீடத்திலிருந்து இவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "என்னங்க, யாருமில்லையே. வாங்க போதும்."

யாருமில்லையா? வரிசை வாசல்வரை நின்றது. எல்லாரும் தலையைத் தாழ்த்தியிருந்தார்கள். ஒருவர்கூட இருமவில்லை. செருப்பை உரசவில்லை. பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த உயிருள்ள சனம் கொட்டாவி விட்டது, விசிறிக்கொண்டது, கைபேசியைப் பார்த்தது. வரிசையில் நிற்பவர்கள் தங்கள் ஓலைக்காக வந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. எடுத்ததை நெற்றியில் திருப்பிக் கொடுத்தால் போய்விடுவார்கள். கொடுத்துவிடலாம். சீக்கிரம் கொடுத்துவிடலாம். தெரியும். தெரியும். தெரியும். பக்கவாசல். பக்கவாசல்.

அடுத்த நெற்றிக்குக் கையைத் தூக்க வேண்டியிருந்தது. உயரமான ஆள். இவன் மட்டும் தலையைத் தாழ்த்தவில்லை. டீசல் வாடையும் புளித்த சாராய வாடையும் முகத்தில் அடித்தன. நெற்றியின் குறுக்கே பிறை வடிவில் ஒரு தழும்பு. லாரி பானெட் விழுந்து வந்த தழும்பு அது என்று அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

பெட்டியை மூடுமுன் அந்தத் தழும்பை அவரே பார்த்திருக்கிறார்.

பச்சைப் பெயிண்ட் சிந்தின கல். அது அவர் வீட்டுக் கல். வாசல் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்த கல். கதவுக்குப் பெயிண்ட் அடித்தபோது அவர்தான் அதன்மேல் சிந்தினார். போன வருஷம் குருத்து ஞாயிறுக்குப் பிறகு அதைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடினார். அவளைக் கேட்டதற்கு, தெரியலையே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு கனத்தை அவள் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஓலை மட்டும் போதாது என்று ஏதோ அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதைத்தான் அவர் காலால் புரட்டித் தள்ளினார்.

கட்டைவிரல் பழக்கதோஷத்தில் சிலுவையைப் போட்டு முடித்திருந்தது. வாய் பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. "மண்ணுக்கே திரும்புவாய் என்பதை..."

"இல்ல," என்றான் லாரிக்காரன். "வீட்டுக்கு."

அவன் பக்கவாசல் பக்கம் திரும்பவில்லை. நடுவில், ஜனங்களுக்கிடையில், பெரியவாசலை நோக்கி நடந்தான். தெருப்பக்கம்.

கிண்ணம் விழுந்து உருண்டது. சாமியார் கூப்பிட்டது காதில் விழவில்லை. கோயில்பிள்ளை ஓடினார். அந்த வயதில், அந்தப் பசியில், செருப்புக்கூட இல்லாமல். தெருவிளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தன. முன்னால் யாருமில்லை. மருந்துக்கடை வாசலில் மூச்சு வாங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுடைய மாத்திரைகளை எடுத்துக்கொடுக்கிற கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன கோயில்பிள்ளை, யார் துரத்தறாங்க? இப்பதான் ஒருத்தர் உங்க வீடு எதுன்னு கேட்டுட்டுப் போறார்."

"சொன்னீங்களா?"

"நெத்தியில சாம்பல் இருந்துச்சே. உங்க கோயில் ஆளுதானேன்னு வழி காமிச்சேன். ஏன், வேண்டாதவரா? கையில ஒரு பெரிய கல்லு வேற வச்சிருந்தார். என்னத்துக்குங்க அது?"

அவர் கம்பியை விட்டுவிட்டு மறுபடி ஓடினார். நான்தான் வைத்தேன் என்று நினைத்தார். அந்த அடையாளத்தை நான்தான் வைத்தேன், இந்த விரலால்.

சந்து. திருப்பம். டீச்சர் வீட்டில் விளக்கு இல்லை. அவர் வீட்டில் விளக்கு இருந்தது.

கதவு திறந்திருந்தது. அகலமாக, காற்றில் ஆடாமல், அசையாமல் திறந்திருந்தது. அதற்கு முட்டுக்கொடுத்து அந்தக் கல் இருந்தது. பழைய இடத்தில். பச்சைப் பெயிண்ட் வெளியே தெரிய. அடிப்பக்கத்தில் இன்னும் ஈரமண் ஒட்டியிருந்தது.

உள்ளே சத்தமில்லை.

உள்ளே போனார். டீசல் வாடை கூடத்தைத் தாண்டி உள்ளறைவரை போயிருந்தது. தரையில் தடம் எதுவும் இல்லை. சாம்பல் மட்டும், கோடு போட்டதுபோல, கட்டில்வரை.

அவள் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள்.

தானாகப் புரள முடியாதவள். மத்தியானம் அவர்தான் அவளைக் கட்டிலின் நடுவில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் தலையணை அணைத்துவிட்டுப் போனார். அந்தத் தலையணைகள் கீழே கிடந்தன. இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து, எவ்வளவு குறைந்த இடம் முடியுமோ அவ்வளவில் ஒடுங்கி, கண்களை அகலத் திறந்து வைத்திருந்தாள். வலியில் முகம் வெளுத்திருந்தது. ஆனால் முனகவில்லை. நெற்றியில் சாம்பல் சிலுவை. பெரிய கட்டைவிரலால், அழுத்தி, தோல் கன்றும்படி போட்டது.

"அம்மாடி," என்றார் அவர்.

அவள் பதறிப்போய் விரலை உதட்டில் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க," என்றாள், மூச்சுக்கும் கேட்காத குரலில். "அவரு இப்பதான் கண்ணசந்தாரு."

கட்டிலின் மறுபாதி பள்ளமாக அமுங்கியிருந்தது. அந்தப் பள்ளத்தின்மேல், அவளிடமிருந்து முழுவதுமாக இழுத்துக்கொள்ளப்பட்ட போர்வை, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கடியில் ஒரு உடம்பின் மேடு இல்லை. தலையணையில் ஒரு தலையின் குழி மட்டும் இருந்தது, நடுவில் சாம்பல் படிந்து.

அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். அவள் தலையை வேகமாக ஆட்டினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

"வேண்டாங்க. போயிடுங்க," என்றாள். "அவரு முழிச்சு, நீங்க யாருன்னு கேட்டா, நான் என்னத்தைச் சொல்லுவேன்?"

போர்வை ஏறியது. இறங்கியது. ஏறியது.

இறங்கவில்லை.